மாரிமுத்துவின் மச்சான்

கோழியை என் கையில் கொடுத்துவிட்டு மாரிமுத்து கத்தியை நீட்டினார்.

“நீங்களே அறுத்துருங்க நாநா. ஒங்க வார்த்தைய சொல்லி அறுங்க. நாங்க அறுத்தா நீங்க திங்க மாட்டீங்கல்ல.”

தோட்டத்தில் எங்கள் முஸ்லிம் ஆட்களை நாநா என்றுதான் கூப்பிடுவார்கள். சாயங்கால நேரம். கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கூலியாட்கள் குடியிருக்கும் லயம். தகரக் கூரைமேல் மழை கொட்டுகிற சத்தத்தில் கோழி கத்துவதுகூடக் காதில் விழவில்லை. லயத்து அறைக்கு முன்னால் ஒடுக்கமாக ஒரு தாழ்வாரம் உண்டு. இஸ்தோப்பு என்பார்கள். அதில் பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்து நின்றார்கள். பாதிப்பேர் என் பைசிக்கிளைப் பார்க்க வந்தவர்கள். மீதிப்பேர் என்னைப் பார்க்க வந்தவர்கள்.

அதுவரை நான் ஒரு கோழியையும் அறுத்ததில்லை. பதுளையில் எங்கள் வீட்டில் வாப்பா அறுப்பார், நான் காலைப் பிடிப்பேன். அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஆனால் அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல முடியுமா?

“இதென்ன பெரிய வேலை? நூறு கோழி அறுத்த கை இது” என்றேன்.

கோழிக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். நான் கத்தியைக் கிட்டக் கொண்டுபோனதும் ஓர் உதறு உதறியது. கத்தி ஒரு பக்கம், என் தொப்பி ஒரு பக்கம், கோழி தேயிலைக்குள்.

“நூத்தியொண்ணாவது கோழி கொஞ்சம் துடியானது போலருக்கு” என்றது ஒரு பெண் குரல். மாரிமுத்துவின் மனைவி பேச்சாயி. லயமே சிரித்தது. அவள் இடுப்பில் இருந்த மூன்று வயதுக் குழந்தை செல்லமும் எதற்கென்று தெரியாமல் சிரித்தது.

மாரிமுத்து மழையில் இறங்கி ஓடி, சேறும் சகதியுமாகக் கோழியைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டாம் தடவை காலை அவரே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் பிஸ்மில்லாவைச் சத்தமாகச் சொல்லி வேலையை முடித்தேன். வியர்த்துவிட்டது. மழை என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

கிளையைக் கட்டி இழுத்தவன்

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லாவிட்டால் உங்களுக்குக் கதை பிடிபடாது.

எனக்குப் படிப்பு நாலாவதோடு சரி. அதிலும் நாலாவதில் பாதி நாள் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் கொய்யா மரத்தில் இருந்தேன். ஆனால் ஒரு தையல் மெஷினை என் முன்னால் வைத்தால், அது தைக்கிற சத்தத்தை வைத்தே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கு எனக்குப் பதுளையில் ஒன்று, பண்டாரவளையில் ஒன்று என்று இரண்டு கடை. இரண்டும் இந்தக் காதால் வந்தது. போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், ‘தற்பெருமையைக் கொஞ்சம் குறைக்கவும்’ என்று தபால் அட்டை போட்டிருக்கிறார். நடந்ததைக் குறைத்து எழுத நான் என்ன ஊமையா?

அப்போது எனக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். முதல் யுத்தம் முடிந்து இரண்டொரு வருஷம். ஊவா மாகாணத்தில் பைசிக்கிள் ஏறிய முதல் பத்துப் பேரில் நான் ஒருவன். முதல் ஐம்பது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் நடந்து போனவர்கள். அந்த வண்டியில் மெஷின் சாமான் பையைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவேன். பங்களாக்களிலும் பெரிய கங்காணிமார் வீடுகளிலும் தையல் மெஷின் வந்துகொண்டிருந்த காலம். பழுது பார்க்கத்தான் ஆளில்லை.

ஆள் பெரிய ஆளாகத் தெரிய வேண்டும் என்று ஒரு பழைய கோட்டு வாங்கிப் போட்டிருந்தேன். தலையில் வெள்ளைக்காரத் தொரைமார் போடுவதுபோல் ஒரு தக்கைத் தொப்பி. வாப்பா கொடுத்த வெள்ளைத் தொப்பி பைக்குள் பத்திரமாக இருந்தது.

பெரகலச் சந்தியில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுக் கீழே இறங்கினேன். அந்த இறக்கத்தைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையைச் சுற்றிச் சுற்றிப் பாதை விழுந்துகொண்டே போகும். பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் கட்டை தேய்ந்து போய்விடும். அதற்கு நான் ஒரு வித்தை வைத்திருந்தேன். இலையோடு ஒரு பெரிய கிளையை வெட்டி, கயிறு போட்டு வண்டிக்குப் பின்னால் கட்டிவிடுவேன். அது தரையில் உரசிக்கொண்டே வரும். வண்டி அடங்கி இறங்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அன்றைக்கு மழையில் கயிறு நனைந்து அறுந்தது.

கிளை மேலே நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. இரண்டு வளைவு சமாளித்தேன். மூன்றாவது வளைவில் ஒரு மதகு. முன்சக்கரம் எட்டுப்போல் நெளிந்து, நான் தேயிலைக்குள் கிடந்தேன். கண்ணைத் திறந்தபோது தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தியோடு ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“உசுரு இருக்கா?” என்றார்.

“இருக்கு.”

“அப்ப எந்திரிங்க. அட்டை ஏறுது.”

அவர்தான் மாரிமுத்து. வண்டியை அவர் தோளில் தூக்கிக்கொண்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டேன். பைக்குள்ளிருந்து விழுந்த வெள்ளைத் தொப்பியைப் பார்த்ததும், “நாநாவா நீங்க? வாங்க வாங்க, நம்ம காம்பராவுக்கே போவோம்” என்றார். அவ்வளவுதான் விசாரணை.

புதுச் சட்டி

பேச்சாயி கூரை இடுக்கிலிருந்து ஒரு மண்சட்டியை இறக்கினாள். அடுப்பே ஏறாத சட்டி.

“எதுக்கு அக்கா புதுச் சட்டி? இருக்கிறதுல ஆக்குங்க” என்றேன்.

“இருக்கிற சட்டியில போன மாசம் காட்டுப் பன்னி ஆக்கினோம்” என்றாள் வெடுக்கென்று. “ஒங்களுக்குத் தெரியாம ஆக்கிப் போட்டுட்டா அந்தப் பாவம் எங்களுக்கு வேணுமா?”

நான் தெரிந்துகொண்டிருக்க வழியே இல்லை. இருந்தும் சொன்னாள் பாருங்கள். பின்னாளில் எத்தனையோ பெரிய வீடுகளில், வெள்ளித் தட்டில், விருந்து சாப்பிட்டிருக்கிறேன். தட்டு வைக்கும்போதே அந்தச் சட்டிதான் ஞாபகத்துக்கு வரும்.

காம்பரா என்றது அந்த ஒரே அறைதான். அதில் புகை படாத மூலையை எனக்கு ஒதுக்கினார்கள். நனைந்த கோட்டை அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கொடியில் போட்டார்கள். அது காயக் காய, தேயிலைத் தூளும் விறகுப் புகையும் கலந்து ஒரு வாசனை அதில் ஏறியது. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை.

“கங்காணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரவா?” என்று மாரிமுத்து எழுந்தார். வெளியாள் லயத்தில் தங்கினால் கங்காணி மூலம் தொரைக்குச் சொல்ல வேண்டும். அது தோட்டத்துச் சட்டம்.

“இந்த மழையிலயா? காலையில சொல்லிக்கலாம்” என்றாள் பேச்சாயி.

அவர் உட்கார்ந்துவிட்டார்.

என் வாய் செய்த வேலை

சாப்பிட்டு முடித்ததும் இஸ்தோப்பில் கூட்டம் இன்னும் கலையவில்லை. வயிறு நிறைந்தால் எனக்கு வாய் நிற்காது. இன்றைக்கும் அப்படித்தான். அன்றைக்கு இன்னும் மோசம்.

நான் போன தோட்டங்களைப் பற்றி அளந்தேன். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு லயத்தில் ஒழுகாத கூரை பார்த்ததைச் சொன்னேன். மலை ஊற்றுத் தண்ணீர் பீலி வழியாக வாசலுக்கே வருவதைச் சொன்னேன். ஒழுகுகிற கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவர்களிடம் சொன்னேன்.

ஒருவர் கேட்டார். “அங்க ஆள் எடுப்பாங்களா?”

அந்தத் தோட்டத்தில் எனக்குத் தெரிந்தது ஒரு தையல்காரன் மட்டும். அவனுக்கும் என்னைக் கண்டால் ஆகாது.

“நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்” என்றேன்.

மாரிமுத்து சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். “நாநாவுக்குத் தூக்கம் வருது. எல்லாரும் போங்க” என்று கூட்டத்தைக் கலைத்தார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அந்தக் காலத்தில் தோட்டங்களுக்குள் தரகர்கள் நுழைவார்கள். கோட்டுப் போட்டிருப்பார்கள், தொப்பி வைத்திருப்பார்கள், வேறு தோட்டத்தின் கூரையையும் தண்ணீரையும் புகழ்வார்கள். ஆட்களைக் கலைத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். தொரைமாருக்கு அவர்களைவிடப் பெரிய எதிரி கிடையாது. அப்படி ஒருவனுக்கு இடம் கொடுத்த குடும்பத்தின் பேரை வெட்டி, துண்டுச் சீட்டுக் கொடுக்காமல் தெருவில் விடுவார்கள். அந்தத் துண்டு இல்லாதவனை வேறெந்தத் தோட்டமும் சேர்க்காது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசினேன்.

பெரட்டுக் களம்

விடியும்போது வேலைக்குக் கூப்பிடும் தப்புச் சத்தம். அதன் பின்னாலேயே கருப்பண்ணக் கங்காணியின் சத்தம்.

“இது யாரு வண்டிடா?”

கம்பளிக் கோட்டு, முண்டாசு, கையில் பிரம்பு. என்னை மேலும் கீழும் பார்த்தார். ராத்திரி பேசியது முழுவதும் அவர் காதுக்குப் போயிருந்தது.

“ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாமே? வா, தொரைகிட்டச் சொல்லு அந்த வார்த்தைய.”

பெரட்டுக் களத்துக்கு நடந்தோம். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம் அது. பனியில் முன்னால் போகிறவர் முதுகுகூடத் தெரியவில்லை. மாரிமுத்துவின் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

“அண்ணே, நான் பொய் சொல்லி ஒங்க வீட்டுல தங்கிட்டேன்னு சொல்லிடுங்க. தொரைகிட்ட உத்தரவு வாங்கினவன்னு ஏமாத்திட்டேன்னு சொல்லுங்க. எனக்கு நாலு அடி விழும், அவ்வளவுதானே? நீங்க பொஞ்சாதி புள்ளையோட எங்க போவீங்க?”

என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

“சும்மா வாங்க” என்றார்.

தொரை குதிரையிலிருந்து இறங்கவில்லை. கங்காணி விஷயத்தைச் சொன்னார். தொரை என் தொப்பியைப் பார்த்தார், தன் தொப்பியைத் தொட்டுக்கொண்டார்.

“மாரிமுத்து, இவன் ஆரு?”

மாரிமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கவ்வாத்துக் கத்தி இடுப்பில். நான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லப்போகிறார் என்று வாயையே பார்த்தேன்.

“என் மச்சானுங்க தொரை. பொஞ்சாதியோட தம்பி.”

களத்தில் நின்ற லயத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் நான் நாநா என்று தெரியும். அவர்கள் கண் முன்னால்தானே கோழி அறுத்தேன்.

தொரை என் பக்கம் திரும்பினார். “உன் பேரு என்ன?”

மீரான். என் காதில் பாங்கு சொல்லி வாப்பா வைத்த பேர். அதைச் சொன்னால் மாரிமுத்து பொய்யர், அந்தக் குடும்பம் தெருவில். சொல்லாமல் இருந்தால்? வேறு பேர் எனக்கு என்ன இருக்கிறது?

கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் வரிசையிலிருந்து பேச்சாயி குரல் கொடுத்தாள்.

“சின்னையான்னு சொல்லுப்பா. தொரைதானே கேக்குறாரு, எதுக்குப் பயப்படுறே?”

“சின்னையா?” என்றார் தொரை.

“ஆமா தொரை.”

அவர் கங்காணியைப் பார்த்தார். “நிசமா?”

கருப்பண்ணக் கங்காணி பேச்சாயியைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. பிரம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“ஆமாங்க தொரை. அந்தப் புள்ளைக்கு ஒரு தம்பி உண்டு. சின்னையான்னு பேரு. தொப்பியப் பாத்து நாந்தான் மயங்கிட்டேன்.”

தொரை கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சொன்னார். கணக்கப்பிள்ளை புத்தகத்தில் எழுதினார்: சின்னையா, மாரிமுத்துவின் மச்சான். பிறகு குதிரை திரும்பியது.

கங்காணி போட்ட தண்டனை

பனி விலகியதும் கங்காணி என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனார். காலில் விழவும் தயாராக இருந்தேன்.

“ஒனக்காக சொல்லலடா” என்றார். “ரெண்டு பேரு வெட்டுப்பட்டா என் பெரட்டுல ஆள் கொறையும்.”

கொஞ்ச தூரம் நடந்து நின்றார்.

“சின்னையா யாருன்னு தெரியுமா ஒனக்கு?”

தெரியாது என்றேன்.

“என்கூடத்தான் ஊர்ல இருந்து வந்தான். கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி மண்டபம் கேம்புல காய்ச்சல்ல போயிட்டான். பேச்சாயிக்குக் கூடப் பொறந்தது அவன் ஒருத்தன்தான். நாலு வருஷமா அந்தப் பேர அவ வாயில நான் கேட்டதில்ல. இன்னைக்கு ஒனக்குத் தூக்கிக் குடுத்துட்டா.”

லயத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

“அந்தப் புள்ள செல்லத்துக்கு இன்னும் காது குத்தல. ஏன்னு தெரியுமா? தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். மாமன் இல்ல. வேற யாரு மடியிலயும் வைக்க மாட்டேன்னு அவ புடிவாதம்.” பிரம்பால் என் கோட்டுப் பொத்தானைத் தட்டினார். “இப்ப மாமன் இருக்கான். புஸ்தகத்துலயே எழுதியாச்சு. அடுத்த மாசம் கோயில்ல காதுகுத்து வைக்கிறேன். சீரோட வரணும். வராட்டி நானே பதுளைக்கு வருவேன்.”

சக்கரத்தை மாரிமுத்துவும் நானும் மதியம்வரை தட்டித் தட்டி நிமிர்த்தினோம். அவருக்கு என் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. “ஒங்க பேர மாத்திட்டோம், மன்னிச்சிருங்க” என்றார். என் வாயால் அவர் குடும்பத்தையே அழிக்கப் பார்த்தவன் நான். மன்னிப்புக் கேட்கிறார் அவர்!

மடி

அடுத்த மாதம் போனேன். பதுளைக் கடைத்தெருவில் நானே தேர்ந்தெடுத்த ஒரு சோடித் தங்கக் கம்மல், குழந்தைக்குப் பட்டுப் பாவாடை, பேச்சாயிக்குச் சிவப்புச் சேலை, ஒரு தார் வாழைப்பழம். வாழைத்தாரோடு பெரகல இறக்கத்தில் பைசிக்கிள் விட்டவன் என்னைத் தவிர இன்னொருவன் இருந்தால் எழுதுங்கள். கயிறு புதுசு.

உம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். “புள்ளட காதுதானே, போய்ட்டு வா மனே” என்றார்கள். நீ அங்கே போய் உட்காரலாமா என்று கேட்டவர்களும் உண்டு. என்னைப் படைத்தவனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

மாரியம்மன் கோயிலுக்குள் நான் போகவில்லை. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள், அதில் மனைப்பலகை. லயம் மொத்தமும் கூடியிருந்தது. தக்கைத் தொப்பியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். வெள்ளைத் தொப்பி பைக்குள் இருந்தது. புத்தகத்தில் இருக்கிற பேருக்கு அது பொருந்தாது அல்லவா?

செல்லத்தை மடியில் வைத்தார்கள். என் கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆசாரி ஊசியைத் துடைத்தார். பூசாரி கையில் தட்டோடு வந்து நின்று, வழக்கப்படி உரக்கக் கேட்டார்.

“தாய்மாமன் பேரு?”

நான் கங்காணியைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். வாயைத் திறந்து, “சின்...” என்று ஆரம்பித்தேன்.

“இருங்க” என்றாள் பேச்சாயி.

நான் கொண்டுபோன சிவப்புச் சேலையைக் கட்டியிருந்தாள். எல்லார் முன்னாலும் நடுவில் வந்து நின்றாள்.

“சின்னையா என் தம்பி. அவன் போயிட்டான். மண்டபத்துல, என் மடியிலதான் போனான்.” என் பக்கம் கையை நீட்டினாள். “இவரு பேரு மீரான். இவரும் என் தம்பி. ரெண்டு பேரையும் சொல்லுங்க.”

பூசாரி கங்காணி பக்கம் திரும்பினார். கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு, “அக்கா சொல்றால்ல? சொல்லுய்யா” என்றார்.

சின்னையா, மீரான். பூசாரி இரண்டு பேரையும் சொன்னார். கூட்டத்தில் யாரோ என் பையைத் திறந்து வெள்ளைத் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தார்கள். திரும்பிப் பார்த்தேன். மாரிமுத்து.

ஊசி இறங்கியது. செல்லம் வீறிட்டு அலறி, இரண்டு கையாலும் என் கோட்டைப் பிடித்து முகத்தை நெஞ்சுக்குள் புதைத்துக்கொண்டது. அம்மாவிடம் போ என்றார்கள், அப்பாவிடம் வா என்றார்கள். போகவில்லை. கம்மல் போட்ட காதோடு அப்படியே தூங்கிப்போகும்வரை நான் மனையை விட்டு அசையவில்லை.